மருந்து மலிவாயிற்று, நோயின் பெயர்தான் இன்னும் எட்டவில்லை

1998ஆம் ஆண்டு சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் பதிவாயிற்று. இமாட்டினிப் மெசிலேட் என்னும் புற்றுநோய் மருந்தின் பீட்டா படிக வடிவத்துக்குத் தனியுரிமை வேண்டும் என்று சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் நிறுவனம் கோரியது. 15 ஆண்டுகள் கழித்து, 2013 ஏப்ரல் 1 அன்று, உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் அஃப்தாப் ஆலம், ரஞ்சனா பிரகாஷ் தேசாய் ஆகியோர் அடங்கிய அமர்வு அந்தக் கோரிக்கையை இறுதியாக நிராகரித்தது. அந்நிறுவனத்தின் மருந்தை உட்கொள்ள மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய் ஆனது. இந்திய நிறுவனங்கள் அதே மருந்தை 8,000 முதல் 10,000 ரூபாய்க்குக் கொடுத்தன. பின்னர் விலை மேலும் இறங்கியது.

இந்த வழக்கு இரத்தப் புற்றுநோயாளிகளின் வழக்காகவே பொதுவெளியில் பேசப்பட்டது. அது சரிதான், ஆனால் முழுமையன்று. அதே மாத்திரைதான் இரைப்பையில் தோன்றும் ஓர் அரிய கட்டிக்கும் உயிர்காக்கும் மருந்து. ஜிஸ்ட் என்று மருத்துவர்கள் சுருக்கமாக அழைக்கும் அந்தக் கட்டி, ஆண்டுக்குப் பத்து இலட்சம் பேரில் ஏறத்தாழ 10 முதல் 15 பேருக்கு வருவது. இவ்வளவு அரிய நோயைப் பற்றி நாம் ஏன் பேச வேண்டும் என்ற வினா எழக்கூடும். மருந்து கிடைப்பது மட்டுமே மருத்துவ உரிமை ஆகிவிடுமா என்பதைச் சோதித்துப் பார்க்க இந்த நோயே மிகத் தெளிவான உரைகல் என்பதுதான் நம் விடை. மருந்து மலிவாகிவிட்டது. அந்த மருந்து தனக்குரியது என்று அறிவதற்குள் ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த உழைப்பாளி எத்தனை வாயில்களைத் தாண்ட வேண்டியிருக்கிறது என்பதை இக்கட்டுரையில் பார்க்கிறோம்.

ஒரே வயிறு, வெவ்வேறு கட்டிகள்

இரைப்பையில் வரும் புற்றுநோய்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை அதன் உட்புறச் சவ்வில் தொடங்கும் அடினோகார்சினோமா வகை. எஞ்சிய சிறு பங்கில்தான் அரிய வகைகள் அடங்குகின்றன. அவற்றுள் மூன்றை நாம் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது ஜிஸ்ட். இது சவ்வில் தோன்றுவதன்று. இரைப்பைச் சுவரின் உள்ளடுக்கில், குடலின் அசைவை ஒழுங்குபடுத்தும் கஹால் உயிரணுக்களோடு தொடர்புடையது. ஏறத்தாழ 60 விழுக்காடு இரைப்பையிலும், 30 விழுக்காடு சிறுகுடலிலும் உருவாகிறது. இரண்டாவது, மால்ட் லிம்ஃபோமா என்னும் நிணநீர்த் திசுக் கட்டி. இது பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் நுண்ணுயிர்த் தொற்றின் தொடர்ச்சியாக வருகிறது. மூன்றாவது, கார்சினாய்டு என்று முன்பு அழைக்கப்பட்ட நரம்பு-நாளமில்லா உயிரணுக்களின் கட்டி.

இம்மூன்றுக்கும் சிகிச்சை ஒன்றல்ல. தொடக்க நிலையில் உள்ள மால்ட் லிம்ஃபோமா, நுண்ணுயிரை அழிக்கும் சாதாரண ஆன்டிபயாட்டிக் மருந்துகளாலேயே பெரும்பாலோருக்குக் கரைந்துவிடுகிறது. 1993இல் இலண்டன் மருத்துவர்கள் இதனை வெளியிட்டபோது மருத்துவ உலகம் வியந்தது. ஜிஸ்ட் கட்டியையோ அறுத்து முழுமையாக எடுக்க வேண்டும். பரவியிருந்தால் இமாட்டினிப் வேண்டும். வழக்கமான கீமோதெரபி அதற்குப் பயன்படுவதில்லை. கார்சினாய்டு கட்டிகளில் சிறியவற்றை எண்டோஸ்கோபி வழியாகவே அகற்றிவிட முடியும். ஆகவே, "வயிற்றில் கட்டி" என்று மட்டும் எழுதப்பட்ட ஒரு சீட்டு ஒருவருக்குத் தேவையற்ற அறுவையையும், இன்னொருவருக்குப் பயனற்ற மருந்தையும், மூன்றாமவருக்கு வெறும் கைவிரிப்பையும் தரக்கூடும். நோயின் சரியான பெயரே இங்கு சிகிச்சையின் பாதி.

"அல்சர்" என்ற சொல்லில் கழியும் ஆண்டுகள்

ஜிஸ்ட் கட்டி நெடுங்காலம் அமைதியாக வளர்வது. வயிறு உப்புசம், சிறிதளவு உண்டதுமே நிறைந்துவிட்ட உணர்வு, மந்தமான வலி இவைதாம் அதன் தொடக்கக் குறிகள். இவற்றுக்கு நம் ஊர்களில் இரண்டே பெயர்கள் உண்டு: ஒன்று கேஸ், மற்றொன்று அல்சர். மருந்துக்கடையில் வாங்கும் அமிலம் குறைக்கும் மாத்திரை சில நாட்களுக்கு வலியைத் தணிக்கிறது. கட்டி வளர்ந்துகொண்டே இருக்கிறது. காலை வேலைக்குப் போய் மாலை வரை பட்டினி கிடக்கும் ஒருவருக்கு வயிற்றுவலி வருவது இயல்புதானே என்று நோயாளியும் எண்ணுகிறார், மருத்துவரும் எண்ணுகிறார். சேரியிலிருந்து வரும் ஆண் என்றால், ஆராயாமலேயே "குடிதான் காரணம்" என்று சொல்லி அனுப்பிவிடும் பழக்கத்தையும் நாம் பலமுறை கேட்டறிந்திருக்கிறோம். அந்த ஒரு வாக்கியத்தோடு பரிசோதனை முடிந்துவிடுகிறது.

கட்டி பெரிதாகி அதன் மேற்பரப்பு புண்ணாகும்போது குருதி கசிகிறது. அதன் விளைவு கருமையான, தார் போன்று ஒட்டும் மலம். மெல்ல மெல்ல ஏறும் இரத்தசோகை. பெண்கள் எதிர்கொள்ளும் தனிச் சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களிடையே இந்த விழுக்காடு இன்னும் கூடுதல். பாதிக்கும் மேற்பட்டோருக்கு உள்ள ஒன்று நோயாகத் தெரிவதில்லை, இயல்பாகத் தெரிகிறது. எனவே, களைத்துப் போய் வரும் கூலித் தொழிலாளிப் பெண்ணுக்கு இரும்புச்சத்து மாத்திரை வழங்கப்படுகிறது. "இந்த இரத்தம் எங்கே போகிறது?" என்று கேட்கப்படுவதில்லை. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கருமையாக்கும். ஆகையால், மாத்திரை உண்ணத் தொடங்கிய பின் உட்கசிவின் அடையாளம் அதற்குள் மறைந்துபோகலாம். மாத்திரை தொடங்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி அது.

ஊட்டச்சத்துக் குறைவாலும் மாதவிடாய் மிகுதியாலும் வரும் இரத்தசோகையே பெரும்பான்மை என்பதை நாம் மறுக்கவில்லை. ஒவ்வொரு இரத்தசோகைக்குப் பின்னும் கட்டி இருப்பதாக அச்சமூட்டவும் விரும்பவில்லை. மாத்திரைக்குப் பின்னும் தேறாத, காரணம் விளங்காத இரத்தசோகைக்கு எண்டோஸ்கோபி செய்து பார்க்க வேண்டும் என்பது மருத்துவ நூல்கள் ஏற்றுக்கொண்ட நெறி. வசதி படைத்த குடும்பத்துப் பெண்ணுக்கு அந்நெறி தானாகவே பின்பற்றப்படுகிறது. தலித் பெண்ணுக்கு அது ஏன் தாமதமாகிறது என்பதே நம் வினா.

காரணத்தைத் தேடிக் கேட்பது எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு நம் அண்மை வரலாற்றிலேயே சான்று உண்டு. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் குழந்தைகள் நோயுற்றபோது, குடிநீரில் கோளாறு இருக்கலாம் என்ற ஐயம் எழுந்த பின்னரே, தலித் மக்களின் மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டது வெளிப்பட்டது. அந்த நோயும் இந்தக் கட்டியும் வேறு வேறு. ஆனால் நம் வயிற்றில் என்ன நிகழ்கிறது என்பதற்கான காரணம் வயிற்றோடு முடிவதில்லை என்ற பாடம் இரண்டுக்கும் பொது. மால்ட் லிம்ஃபோமாவுக்கு வழிவிடும் ஹெலிகோபாக்டர் தொற்றுகூட, நெருக்கடியான வீடுகளிலும் தூய நீரும் கழிவகற்றலும் இல்லாத சூழலிலும் குழந்தைப் பருவத்திலேயே மிகுதியாகத் தொற்றுவது.

பெயரிடுவதற்கு என்ன தேவை?

எண்டோஸ்கோபி வரை வந்துவிட்டாலும் வழி முடிவதில்லை. ஜிஸ்ட் சவ்வுக்கு அடியில் இருப்பதால், வழக்கமான முறையில் மேலாகக் கிள்ளி எடுக்கும் திசு பலநேரம் "இயல்பானது" என்றே முடிவு தரும். அந்த முடிவை நம்பி வீடு திரும்புபவர்கள் உண்டு. அடுக்குகளின் ஆழத்தைக் காட்டும் எண்டோஸ்கோபி அல்ட்ராசவுண்ட், சி.டி. ஸ்கேன் ஆகியவை தேவைப்படுகின்றன. திசு கிடைத்த பின், நுண்ணோக்கியில் பார்ப்பது மட்டும் போதாது. தசைக் கட்டிகளும் நரம்புறைக் கட்டிகளும் இதைப் போலவே தோற்றமளிக்கும். உயிரணுக்களின் மேல் உள்ள சிடி117, டாக்1 என்னும் புரதங்களைச் சாயமேற்றிக் காணும் இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி சோதனையே ஜிஸ்டை உறுதிப்படுத்துகிறது. ஜிஸ்ட் கட்டிகளில் ஏறத்தாழ 95 விழுக்காடு சிடி117 காட்டுபவை.

இந்தச் சோதனைக்குப் பின்னால் ஓர் அறிவியல் வரலாறு உண்டு. 1998இல் ஜப்பானின் ஒசாகாவைச் சேர்ந்த ஹிரோட்டாவும் உடனாய்வாளர்களும், இக்கட்டிகளின் வேர் கிட் என்னும் மரபணுவில் நேரும் திரிபு எனக் கண்டறிந்தனர். ஓயாமல் "வளர்" என்று கட்டளையிடும் புரதம் ஒன்றை அந்தத் திரிபு உருவாக்குகிறது. இமாட்டினிப் அந்தக் கட்டளையைத் தடுக்கிறது. 2000ஆம் ஆண்டு ஹெல்சிங்கியில் முதல் ஜிஸ்ட் நோயாளிக்கு இம்மருந்து கொடுக்கப்பட்டது. 2002இல் அமெரிக்க அரசு இந்நோய்க்கு இதனை ஏற்றது. அதற்கு முன்பு, பரவிய ஜிஸ்ட் உள்ளவர்கள் ஓராண்டு அல்லது ஒன்றரை ஆண்டு வாழ்வதே பெரிதாக இருந்தது. மருந்துக்குப் பின் அது ஐந்தாண்டு அளவுக்கு உயர்ந்தது. பத்தாண்டைக் கடந்தவர்களும் உள்ளனர்.

ஆயினும் எல்லாத் திரிபுகளும் ஒரே வகையானவை அல்ல. கிட் மரபணுவின் எக்ஸான் 11 பகுதியில் திரிபுள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் இமாட்டினிப் நன்கு பயனளிக்கிறது. எக்ஸான் 9 எனில் இருமடங்கு அளவு பரிந்துரைக்கப்படுகிறது. பிடிஜிஎஃப்ஆர்ஏ என்னும் மரபணுவில் டி842வி திரிபு உள்ளவர்களுக்கு இமாட்டினிப் பயனளிப்பதில்லை. அவர்களுக்கான அவாப்ரிட்டினிப் என்னும் மருந்து 2020இல்தான் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இளம் வயதினரின் இரைப்பையில் தோன்றும் இன்னொரு வகைக்கும் இமாட்டினிப் பெரிதாக உதவுவதில்லை. அப்படியென்றால், மரபணுத் திரிபுச் சோதனை ஆடம்பரம் அன்று. எந்த மாத்திரை, எந்த அளவு என்பதைத் தீர்மானிப்பதே அதுதான். அந்தச் சோதனை மாவட்ட அரசு மருத்துவமனைகளின் வழக்கமான பணியாக இன்னும் ஆகவில்லை. திசுத் துண்டையும் மாதிரிச் சில்லையும் எடுத்துக்கொண்டு வேறு நகரத்தின் ஆய்வகத்தை நோக்கிப் போகும் வேலை நோயாளியின் குடும்பத்தின் மேல் விழுகிறது.

மாத்திரை கைக்கு வந்த பின்

ஜிஸ்ட் அறுவையில் ஒரு நுட்பம் உண்டு: கட்டி உடையாமல் முழுமையாக வெளிவர வேண்டும். உடைந்தால் வயிற்றறை எங்கும் நோய் விதைபோல் சிதறுகிறது. அதனால்தான் பெரிய கட்டிகளை முதலில் இமாட்டினிப் கொடுத்துச் சுருக்கிய பின் அறுக்கிறார்கள். நோயின் பெயர் அறியாமல் அவசரமாகக் கத்தி வைக்கப்படும் இடத்தில் இந்த வாய்ப்பே இல்லாமல் போகிறது. கட்டியின் அளவு, உயிரணுப் பிளவின் எண்ணிக்கை, இருக்குமிடம், உடைப்பு ஆகியவற்றைக் கொண்டு மீண்டும் வரும் அபாயம் கணிக்கப்படுகிறது. அபாயம் மிகுந்தவர்கள் அறுவைக்குப் பின் மூன்றாண்டுகள் மருந்து உட்கொண்டால் ஓராண்டு உட்கொண்டவர்களைவிடக் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்பதை 2012இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு நிறுவியது. நோய் பரவியிருந்தால் மருந்தை நிறுத்தவே கூடாது; நிறுத்தினால் பெரும்பாலோருக்குக் கட்டி மீண்டும் வளர்கிறது.

மூன்றாண்டு என்பது ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாட்கள். அந்த மாத்திரையை உணவோடும் ஒரு பெரிய டம்ளர் நீரோடும் உட்கொள்ள வேண்டும். கண்ணும் முகமும் வீங்கும், தசை பிடித்திழுக்கும், குமட்டலும் வயிற்றுப்போக்கும் வரும். சித்தாள் வேலைக்கும் நாற்று நடவுக்கும் துப்புரவுப் பணிக்கும் போகும் உடல் இவற்றோடுதான் உழைக்க வேண்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை சி.டி. ஸ்கேன்; ஒவ்வொன்றுக்கும் ஒரு பயணம்; ஒவ்வொரு பயணத்துக்கும் இழக்கும் கூலி, உடன் வருபவரின் கூலியும் சேர்த்து. மாத ஊதியம் பெறுபவருக்கு மருத்துவ விடுப்பு உண்டு. நாட்கூலிக்கு விடுப்பு என்ற சொல்லே இல்லை.

காப்பீட்டு அட்டை இதற்கு விடையாகாதா? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் ஆயுஷ்மான் பாரத் திட்டமும் பெரிய அறுவைகளிலிருந்து எண்ணற்ற குடும்பங்களைக் காத்துள்ளன. அதைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது. ஆனால் இத்தகைய காப்பீடுகளின் மையம் மருத்துவமனைப் படுக்கை. ஆயுஷ்மான் பாரத், சேர்க்கைக்கு முந்தைய மூன்று நாட்களின் செலவையும் வீடு திரும்பிய பின் 15 நாட்களின் செலவையும் ஏற்கிறது. அரிய கட்டிக்குப் பெயர் கண்டுபிடிக்க ஆகும் மாதங்கள் அந்த மூன்று நாட்களுக்குள் அடங்குவதில்லை. பேருந்துச் சீட்டும் இழந்த கூலியும் எந்தத் தொகுப்பிலும் இல்லை.

எண்ணப்படாதவர்கள்

இவ்வளவையும் சொல்லும்போது, "சாதிக்கும் கட்டிக்கும் என்ன தொடர்பு?" என்ற எதிர்வினா வரும். கட்டி சாதி பார்த்து வருவதாக நாம் சொல்லவில்லை. கண்டுபிடிக்கப்படும் காலமும் சிகிச்சையின் தொடர்ச்சியும் சாதியைக் கொண்டு மாறுபடுகின்றனவா என்று கேட்கிறோம். விடை காண்பதற்கான தரவை அரசு வெளியிடுவதில்லை. தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் 1980களின் தொடக்கத்திலிருந்து இயங்குகிறது. சென்னைப் பதிவேடு அதன் முதன்மையானவற்றுள் ஒன்று. அதன் அறிக்கைகள் வயது, பாலினம், பகுதி, உறுப்பு என்று பிரித்துக் காட்டுகின்றன. சாதியைக் காட்டுவதில்லை. இந்திய தலித் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வை மேற்கோள் காட்டி 2018இல் ஐ.நா. பெண்கள் அமைப்பு வெளியிட்ட அறிக்கை, இறக்கும்போது தலித் பெண்களின் சராசரி வயது ஆதிக்கச் சாதிப் பெண்களினதைவிட 14.6 ஆண்டுகள் குறைவு என்றது. அந்த 14.6 ஆண்டுகளில் எத்தனை, பெயரிடப்படாத நோய்களுக்கு உரியவை? சொல்வதற்கு எவரிடமும் கணக்கு இல்லை. சாதி இல்லை என்பதற்கான சான்றாகத் தரவின்மையைக் காட்டுவது வழக்கமான தந்திரம். அதை ஏற்க வேண்டியதில்லை.

பெற்றதையும் இழக்கலாம்

2013 வழக்கின் இன்னொரு பக்கத்தை இன்றைய மாணவர்கள் அறிய வேண்டும். இந்தியாவில் தங்கள் மருந்தைப் பெறும் நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்கு இலவசமாகவே வழங்குகிறோம் என்று நிறுவனம் வாதிட்டது. கொடை இருக்க உரிமை எதற்கு என்பதே அந்த வாதத்தின் உட்பொருள். இந்தத் தர்க்கம் நமக்குப் புதிதன்று. கொடுப்பவன் விரும்பும் வரை கிடைப்பது தானம். கேட்டுப் பெறுவது உரிமை. மும்பையின் புற்றுநோயாளிகள் உதவிச் சங்கம் தானத்தை நம்பிக் காத்திருக்கவில்லை. காப்புரிமை வழங்கப்படும் முன்பே எதிர்ப்பு மனுத் தாக்கல் செய்தது. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. 2005 சட்டத்திருத்தத்தின் 3(டி) பிரிவையே அரசியலமைப்புக்கு முரணானது என நிறுவனம் தாக்கியபோது, 2007 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதையும் தள்ளுபடி செய்தது. அறிந்த மருந்தின் புதிய வடிவம் நோயைக் குணப்படுத்தும் திறனில் மேம்பட்டதாக இல்லையென்றால் காப்புரிமை இல்லை என்பதே அப்பிரிவின் சாரம்.

அந்த முன்னெதிர்ப்பு மனு என்னும் கருவிதான் இன்று மழுங்கடிக்கப்படுகிறது. 2024 மார்ச்சில் ஒன்றிய அரசு அறிவித்த காப்புரிமைத் திருத்த விதிகள், முன்பு கட்டணமின்றி இருந்த இம்மனுவுக்குக் கட்டணம் விதித்தன. மனு விசாரணைக்கு உகந்ததா என்பதை அதிகாரி முதலில் முடிவுசெய்யும் வாயிலையும் அமைத்தன. அதே மாதத்தில்தான் சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு ஐரோப்பிய நாடுகளோடு வணிக ஒப்பந்தம் கையெழுத்தானது. இமாட்டினிப் பயனற்றுப் போனவர்களுக்கான அவாப்ரிட்டினிப், ரிப்ரெட்டினிப் போன்ற புதிய மருந்துகள் எவருக்கு எட்டும் என்பதை இந்த விதிகளே தீர்மானிக்கப் போகின்றன.

நாம் கோர வேண்டியவை

முதலாவதாக, தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் பணியாளர்கள் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்ப்பதோடு, கருமையான மலம், காரணமற்ற எடைக்குறைவு, மாத்திரைக்குப் பின்னும் தேறாத இரத்தசோகை ஆகியவற்றைப் பற்றியும் கேட்க வேண்டும். ஐயம் எழுந்தால் எண்டோஸ்கோபிக்கு நாள் குறித்துத் தர வேண்டும். இரண்டாவதாக, ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் திசு மாதிரி அரசுச் செலவில், அரசுப் பொறுப்பில் மைய ஆய்வகத்துக்குச் செல்ல வேண்டும். பயணம் செய்ய வேண்டியது மாதிரி, நோயாளி அல்ல. மூன்றாவதாக, அரிய கட்டிகளுக்கான மரபணுச் சோதனையும் தொடர் மருந்தும் ஸ்கேனும் புறநோயாளிகளுக்கும் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். பயணப்படியும் கூலி இழப்பீடும் அதனுடன் சேர வேண்டும். நான்காவதாக, புற்றுநோய்ப் பதிவேடுகள் தனிமனித அடையாளம் வெளிப்படாத வகையில் சாதிவாரித் தரவைத் திரட்டி, நோய் எந்த நிலையில் கண்டறியப்பட்டது என்பதோடு வெளியிட வேண்டும். ஐந்தாவதாக, 2024 விதிகளின் முன்னெதிர்ப்புத் தடைகள் நீக்கப்பட வேண்டும்.

இவை கிடைக்கும் வரை நாம் செய்யக்கூடியதும் உண்டு. மருத்துவமும் செவிலியமும் சட்டமும் பயிலும் நம் மாணவர்கள் தம் ஊர்ச் சேரிகளில் இந்தக் குறிகளை எடுத்துச் சொல்லலாம். திசுப் பரிசோதனை முடிவின் நகலையும் மாதிரிச் சில்லையும் கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமை என்று உடன் நின்று சொல்லலாம். "அல்சர்தான், போ" என்று அனுப்பப்படும் ஒருவரோடு இரண்டாம் முறை மருத்துவமனைக்குப் போகலாம். இந்த இரத்தம் எங்கே போகிறது என்று அவருக்காகக் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு விடை எழுதப்படும் நாளில்தான் 2013இல் பெற்ற வெற்றி நம் தெருவுக்கும் வந்து சேரும்.